உப்பு பார்க்கிறவன்

எச்சில் படக்கூடாது என்பது
இருபத்தெட்டு வருஷமாக என் கடையின் சட்டம்.
கரண்டியை வாயில் வைத்த ஒருத்தியை
அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பியிருக்கிறேன்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினால் போதும்,
சாம்பாரின் ஜாதகமே தெரியும் எனக்கு.

இப்போது எனக்கு எச்சிலே இல்லை.

முப்பத்து மூன்று தடவை.
விடிகாலை நாலரைக்கு கோல கெட்டில் பஸ் ஸ்டேண்டில் வேன்,
செம்பனை இருட்டு, அப்புறம் பாலம், அப்புறம் பினாங்கு.
வலை முகமூடியை மேசையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு
அசையாதீங்க மாக்சிக் என்பாள் நோராசிகின்.
அசைந்து எங்கே போய்விடப் போகிறேன்.
வலிக்காத ஒன்றுக்கு இவ்வளவு பெரிய மெஷினா என்று
முதல் வாரம் சிரித்தேன்.

மூன்றாம் வாரம்
அடுப்போரம் மறந்துவைத்த பிளாஸ்டிக் வாளி மாதிரி
கழுத்து சுருங்கிக் கறுத்தது.
தாலிக்கொடியைக் கழற்றி மைலோ டின்னில் போட்டேன்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
டின் மூடியை மட்டும்
இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார்.

ஒரு வாய் தண்ணீருக்கு
சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
விழுங்குவது ஒரு வேலை என்று
யாராவது முன்பே சொல்லியிருந்தால்
கொஞ்சம் சம்பளம் கேட்டிருப்பேன்.

அம்மா கித்தா மரம் சீவியவள்.
கோப்பையில் உறைந்த கட்டிப்பாலை
விரலால் சுருட்டி எடுப்பாள்.
ராத்திரி இரண்டு மணிக்கு, குளியலறை விளக்கில்,
நானும் சுருட்டி எடுக்கிறேன்,
தொண்டையிலிருந்து, அறுபடாத நூலாக.

உப்பும் சோடா மாவும் கலந்த தண்ணீரில்
இரண்டு மணிக்கொரு தரம் கொப்பளிக்கச் சொன்னார்கள்.
நாள் முழுக்க வாயில் உப்பு.
உப்பு மட்டும் தெரியவில்லை.
சீனி இரும்பு. சோறு நனைந்த அட்டைப்பெட்டி.

பாக்கு போடுவியா என்று நாலு பேர் கேட்டார்கள்.
கல்யாண வீட்டில் போட்டதுதான்.
எதையாவது செய்து தொலைத்திருக்கலாம்,
காட்டுவதற்காவது ஆகியிருக்கும்.

கடையைத் திரும்பத் திறந்த அன்று
தட்டு கழுவும் ரஃபிக்கை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.
பங்களாதேஷில் ஏதோ ஆற்றங்கரைப் பையன்,
மீனும் கடுகெண்ணெயும் தின்று வளர்ந்தவன்,
ரசத்தை மருந்து என்று நினைத்தவன்.
கையை நீட்டச் சொல்லி ஊற்றினேன்.
நக்கிவிட்டுக் கண்ணை மூடினான்,
கோர்ட்டில் சாட்சி சொல்பவன் மாதிரி.
"உப்பு சிகிட் லாகி, அக்கா."

அவன் நாக்கில் ஏழு மாதம் ஓடியது கடை.
குரலும் பாதிதான் என்பதால்
கரண்டியால் சட்டியைத் தட்டுவேன்.
ஒரு தட்டு, ரஃபிக்.
இரண்டு, தோசை மாவு.
மூன்று தட்டினால், யாராவது வாங்களேன்.
மூன்று அதிகம் தட்டியதில்லை.

எந்நேரமும் இடுப்பில் தண்ணீர் பாட்டில்.
ஒரு மிடறு இல்லாமல் ஒரு வாக்கியம் முடியாது.
பாக்கி கேட்கும்போதுகூட
நடுவில் நிறுத்திக் குடிக்க வேண்டும்;
அதற்குள் ஆள் மோட்டார்சைக்கிளை எடுத்துவிடுவான்.

தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை.
ரஃபிக் தொழப் போயிருந்தான்.
மதியக் கூட்டம், சட்டி நிறைய ரசம்.
பழக்க தோஷத்தில் உள்ளங்கையில் விட்டு நக்கினேன்.

என்னவோ இருந்தது.
நாக்கின் இடது ஓரத்தில்.
புளி இல்லை,
புளியின் பக்கத்து வீடு.

இன்னொரு சொட்டு. அப்புறம் இன்னொன்று.
அவன் வரட்டும் என்று காத்திருக்கவில்லை.
ஒரு பிடி உப்பை நானே அள்ளிப் போட்டேன்.

கூடிவிட்டது.

தோட்டத்து லாரிக்காரர்கள், பேங்க் பிள்ளைகள்,
மார்க்கெட்டுக்கு வந்த பெண்கள்,
ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை.
குனிந்து சாப்பிட்டார்கள்.
தண்ணீர் கேட்டார்கள், திரும்பத் திரும்ப.

நிமிர்ந்து பார்க்கிறேன்,
எல்லார் மேசையிலும்
என்னுடையது மாதிரியே
ஒரு பாட்டில்.