தலைக்கனம்

ஏழாவதற்குப் பெயர் வைக்கவில்லை.
பெயர் வைத்த ஆறும்
பாண்டுப் உப்பளச் சேற்றில் எங்கோ
மூக்கைப் புதைத்துக் கிடக்கின்றன.

உடம்பு, பழுப்புத்தாள்.
கைத்தான் தன் ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து கொண்டுவருவான்.
பிளாஸ்டிக் குழாயின்மேல் பசை தடவி மூன்று சுற்று,
காய்ந்ததும் உருவிவிட வேண்டும்.
ஒருமுறை உருவ வராமல் குழாயோடு ஒட்டிப்போனது
இன்னும் என் வீட்டுப் பரணுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது.

வால்துடுப்பு மூன்று, கல்யாண அட்டையில்.
ஒன்றில் பாதிப் பிள்ளையார்,
இன்னொன்றில் இரவு விருந்து ஏழரைக்கு.
சுற்றளவை நூலால் அளந்து, மூன்றாக மடித்து,
சாக்பீஸால் குறித்தேன்.
இருபது வருஷமாக ஜாக்கெட்டுக்கு டாட் பிடிக்கிற கை.

குடை, டிரை கிளீனிங் கவர். எட்டு பட்டன் நூல்.

எஞ்சின் மட்டும் விலைக்கு வாங்குவது.
மருந்தை நாமே இடித்தால் பாதிக் காசு என்றான் கைத்தான்.
எங்கள் சித்தியைச் சாத்தூர் ஆஸ்பத்திரியில்
வாழையிலையில் கிடத்தியிருந்ததைச் சொன்னேன்.
அப்புறம் அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஆறு போன பிறகுதான் இந்தச் சோதனை தெரியவந்தது:
இடுப்பில் நூல் கட்டித்
தலைக்குமேல் சுற்ற வேண்டும்.
மூக்கு முன்னால் போனால் பறக்கும்.
வால் முன்னால் வந்தால்
பற்றவைத்தவர்மேலேயே திரும்பிப் பாயும்.
மொட்டைமாடியில், தண்ணீர் டேங்க் பக்கம்,
பாவ்ஸ்கர் வீட்டம்மா அப்பளம் பரப்புவதை விட்டுவிட்டுக்
குனிந்தபடியே நகர்ந்தாள்.
வால்தான் முன்னால் வந்தது.

"தலையில கனம் பத்தாது" என்றான் கைத்தான்.
சிரித்துவிட்டேன்.
தையல் மிஷின் மிதிக்கிறவளுக்கு ராக்கெட் எதற்கு,
எல்லாம் தலைக்கனம் என்று
தங்கச்சி போனில் சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது.

பாவ்ஸ்கர் பேரனின் பொம்மைக் களிமண்ணில்
ஒரு கோலி அளவு கேட்டு வாங்கினேன், பச்சை.
தலையில் களிமண்.
எட்டாம் வகுப்புக் கணக்கு டீச்சர்
என்னைப் பார்த்துத் தினம் சொன்ன இரண்டு சொல்.
கூம்புக்குள் திணித்துவிட்டுச் சுற்றினேன்.
விரால் மாதிரி
மூக்கை நீட்டிக்கொண்டு போனது.

சயானிலிருந்து ஐந்து நாற்பது ஸ்லோ.
பெண்கள் பெட்டியில் ஒரு கூடைக்காரி
காலண்டரா என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.
எந்த வருஷத்தது என்று கேட்கவில்லை.

உப்பளத்தில் காற்று கழிமுகத்துப் பக்கமிருந்து.
கைத்தான் நூறு அடி தள்ளி
பாகைமானியில் நட்டு ஒன்றைத் தொங்கவிட்டுக் கண்ணைச் சுருக்கினான்.
ஐந்து, நாலு என்று நான் எண்ண,
உப்பு வாருகிறவர்கள் வரப்பில் நின்று
தீன், தோன், ஏக் என்று முடித்துவைத்தார்கள்.

ஒரு சீறல். அவ்வளவுதான்.
காற்று வரும் பக்கமாகவே மூக்கைத் திருப்பியது.
அதன் குணம் அது,
தள்ளுகிற பக்கம் போகாது.
அறுபத்துமூணு பாகை என்று கைத்தான் கத்துகிறான்,
நான் அண்ணாந்து நிற்கிறேன்,
ஒன்று,
ஒன்றரை,
டப்.

குடை விரிந்தது. எட்டு நூலும் பிடித்தன.
உடம்பு ஆடி ஆடி இறங்கி
ஒரு பாத்திக்குள் உட்கார்ந்தது.
தலை வரவில்லை.

எலாஸ்டிக் அறுந்திருந்தது.
பாவாடைக்கு வைக்கிற கணக்கில்
ஒரு முழம் கட்டியிருந்தேன்.
தலை பிய்த்துக்கொண்டு கிளம்புகிற வேகத்துக்கு
மூன்று முழமாவது விட்டுக்கொடுக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம் பாத்தி பாத்தியாகத் தேடினோம்.
பூநாரைகள் கொஞ்சம் தள்ளி நின்று
எங்களைப்போலவே குனிந்து தேடின.
அவற்றுக்கு ஏதோ கிடைத்தது.

திரும்பும் ரயிலில்
தலையில்லாததை மடியில் வைத்துக்கொண்டு,
சேலைக்கரையில் உப்பு வெளுக்க, நோட்டில் எழுதினேன்:
ஏழு. நூற்றுத் தொண்ணூற்றாறு அடி.
நேராகப் போனது.
எலாஸ்டிக் மூன்று முழம்.
பேரனிடம் இன்னொரு கோலி களிமண்.

பச்சை தீர்ந்துவிட்டது, மஞ்சள்தான் இருக்கிறது என்பான்.
மஞ்சள் போதும்.