நான்கு புள்ளி ஒன்று

சான் அன்டோனியோவில் ஆகஸ்ட்.
இரவு பதினொன்றுக்கும் பார்க்கிங் தளத்துத் தார்
சூடு விடவில்லை. ஏசி இரையும் அறையில்
ஆயிரத்து நூற்று நாற்பது பேரைத்
திரையில் விரித்துப் போட்டிருக்கிறேன்.
பெயர் கிடையாது. எண் மட்டும்.

ஆளுக்கு இருபத்திரண்டு சோடிக் கோடுகள்,
கோடெங்கும் மூன்று நிறம்:
கப்பலேறி வந்தவர்களுக்கு நீலம்,
கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குக் காவி,
கப்பல்களைக் கரையில் நின்று பார்த்தவர்களுக்குப் பச்சை.
நிறங்களை நான்தான் தேர்ந்தேன்.
மென்பொருள் தந்தது வெறும் 0, 1, 2.

கலந்து பத்துப் பதினைந்து தலைமுறைதான் ஆகிறது.
அதற்குள் எந்தச் சீட்டுக்கட்டும் சரியாகக் கலையாது;
ஆட்டினுக்குப் பக்கத்தில் ஆட்டின்
இன்னும் கொத்தாகவே கிடக்கும்.
அந்தக் கொத்துகளில்தான் என் பிழைப்பு.
சிறுநீரகம் கெட்டவர்களுக்கு உடம்பு முழுக்கப் பச்சை
நாற்பத்தெட்டு சதவீதம் என்றிருக்க,
ஓரிடத்தில் மட்டும் ஐம்பத்தைந்தைத் தாண்டினால்
அங்கே நின்று தட்டிப் பார்க்க வேண்டும்,
சுவரில் பொந்து தேடுகிறவன் போல.

உடம்பு முழுக்கப் பச்சை கூடுதல் என்பது மட்டும்
எதையும் நிரூபிக்காது.
பச்சை கூடியவர்கள் வாடகை குறைந்த தெருவில் இருக்கிறார்கள்.
அந்தத் தெருவில் காய்கறிக் கடை இல்லை.
இதற்கு மரபணு எதற்கு, பஸ் வரைபடம் போதும்.

அன்னம் பாலை மட்டும் பிரித்துக் குடிக்குமாம்.
நான் இரண்டையும் குடித்துவிட்டு
எது எவ்வளவு என்று தசமத்தில் சொல்கிறவள்.

நேற்று மாலை, பதினோராம் குரோமோசோமில் ஒரு மேடு.
நான்கு புள்ளி ஒன்று.
தாண்ட வேண்டிய கோடு நான்கு புள்ளி பூஜ்யம் ஆறு.
ஒலிண்டா நாற்காலியோடு உருண்டு வந்தாள்,
இதற்காக ஏழு வருடம் நிதிக்கு அலைந்தவள்.
மேட்டைத் திரையில் விரலால் தடவிவிட்டுக் கேட்டாள்:
"உறவுக்காரர்களை நீக்கியாயிற்றா?"

அதைத்தான் இப்போது செய்கிறேன்.
ஆறு லட்சத்து நாற்பத்தொன்பதாயிரத்துச் சொச்சம் சோடி.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யத்தை ஒட்டி ஏதோ.
ஒரு சோடி மட்டும் கால் பங்கு.
212. 640.

எக்ஸ் குரோமோசோமைத் திறந்தேன்.
முனையிலிருந்து முனைவரை ஒரு பிரதி அப்படியே ஒன்று,
வெட்டில்லை, ஒட்டில்லை.
அப்பாவிடமிருந்து மகள்களுக்கு அப்படித்தான் போய்ச் சேரும்.
வயது இருவருக்கும் ஐம்பத்தெட்டு.
அம்மா வேறு.

கேள்வித்தாள், பன்னிரண்டாம் கேள்வி, உடன்பிறந்தவர்கள்.
212: இல்லை.
640: தெரியாது.
டயாலிசிஸ் மையம் இருவருக்கும் ஒன்று.
செவ்வாய், வியாழன், சனி. காலை ஐந்தே முக்கால்.
ரத்தம் எடுத்துவரும் ஹிபோலிட்டோ முன்பொருமுறை சொன்னான்:
அந்தக் கூடம் எப்போதும் குளிர்,
எல்லோரும் வீட்டிலிருந்து போர்வையோடு வருவார்கள்,
நாலு மணி நேரம்,
பக்கத்து நாற்காலியோடு பேசித்தான் தீர வேண்டும்.

ஒப்புதல் படிவம், ஆறாம் பக்கம்:
உறவுமுறை குறித்த எந்த முடிவும்
பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படாது.
அந்த வரி இருக்கட்டும் என்று கூட்டத்தில் வாதாடியது நான்.
இப்போதும் வாதாடுவேன்.

விதி எளிது. சோடியில் ஒருவரை நீக்கு,
விவரம் குறைவாய் உள்ளவரை.
640-இடம் ஒரு "தெரியாது" கூடுதல்.
நீக்கினேன். மறுபடி ஓட்டினேன்.
நான்கு புள்ளி பூஜ்யம் மூன்று.

ஒலிண்டாவுக்கு எழுதினேன்:
ஒரு சோடி உறவு. ஒருவரை எடுத்தாயிற்று.
மேடு கோட்டுக்கு மயிரிழை கீழே.
இன்னும் ஆயிரம் பேர் கிடைத்தால் பார்க்கலாம்.
என்ன உறவு என்று எழுதவில்லை, அவளும் கேட்க மாட்டாள்.

பன்னிரண்டு தாண்டிவிட்டது. சனிக்கிழமை.
இன்னும் சற்று நேரத்தில் ஒருத்தி முதலில் வந்து
ஜன்னலோர நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில்
தன் பையை வைப்பாள்,
பின்னால் வருகிறவளுக்கு இடம் பிடிக்க.
அல்லது வைக்க மாட்டாள்.
அதற்கு என்னிடம் தரவு இல்லை.