ஆறு இலக்கம்

அக்கரைப்பற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை.
நுஸைபா கண்ணாடி மேசையில் போனை வைத்தாள்:
"உள்ளுக்குப் போகுதில்ல காக்கா."

நேரம் சரி. டேட்டா இருக்கு.
அழித்துத் திரும்ப ஏற்றினேன்.
ஆறு இலக்கம் கேட்டது,
போன வருசம்
காசு போடாமல் செத்த சிம்முக்கு
அதை அனுப்பிவிட்டு.

அந்த நம்பருக்கே எடுத்தேன்.
வாழைச்சேனையில் யாரோ. பின்னால் போட் எஞ்சின்.
"ஓம் மனே, ஒரு மெசேஜ் வந்து கிடக்கு.
ஆருக்கும் சொல்லாத எண்டும் கிடக்கு."

மறுகா, சொன்னார்.
ஏழா எட்டா என்று
இரண்டு தரம் கத்திக் கேட்டேன்.

திறந்தது.
கட்டாரிலிருந்து பதினெட்டுக் குரல்பதிவு,
எல்லாம் ஒரே ராத்திரியில்.

முதலாவதை அமத்தப் போனவள்
விரலை எடுத்தாள்.
"ஹெட்செட் என்ன விலை?"