ஒன்றரை பார்

விடிகாலை மூன்று மணி, ஊத்தான் மெலிந்தாங்.
செம்பனை ஆலையின் பாய்லர் மேடையில்
என் அளவியின் ஊசி இருபது பாரில் நிற்கிறது.
கைப்பேசியில், லீட்ஸிலிருந்து
புஷ்பலீலா அனுப்பிய படம்:
சமையலறை அலமாரிக்குள் ஒரு வெள்ளைப் பெட்டி,
அடிவயிற்றில் கைக்கடிகாரம் அளவு முகம்,
அதில் ஊசி
சுழியத்தைத் தொட்டும் தொடாமலும்.

“வீடு ஐஸ் பெட்டி மாதிரி இருக்கு.
உங்க சாமான்தானே, என்னன்னு பாருங்க.”

என் சாமான்
மூன்று மாடி உயரம்.
நாளெல்லாம் நாரும் ஓடும் தின்னும்,
சீறினால் சடக்குவரை கேட்கும்.
அவளுடையது சாமி மேடை அளவு.

கையேட்டைப் படமெடுத்து அனுப்பினாள்.
நார்த்தூள் பறக்கும் விளக்கடியில் வாசித்தேன்.
ஆறியிருக்கையில் ஒன்றிலிருந்து ஒன்றரை பார்.
சூட்டில் இரண்டைத் தாண்டக் கூடாது.
மூன்றில் காப்பு வால்வு தானே திறக்கும்.

மூன்று பார்!
நாங்கள் பழக்குலை அவிக்கும் அழுத்தம் அது.
சிரித்துவிட்டேன். ஜாஹிட் திரும்பிப் பார்த்தான்.

“கீழே பின்னல் குழாய் இருக்கா, ரெண்டு பக்கமும் சாவி?”
“இருக்கு.”
“மெதுவா.”
“வார்டுல டிரிப் விடறவ நான்.”
தண்ணீர் ஏறும் ஓசை.
நோயாளி அட்டையில் எழுதும் குரலில் சொன்னாள்:
அரை. முக்கால். ஒன்று. ஒன்றேகால்.
நான் சொல்லுமுன் மூடிவிட்டாள்.

ஆனால் இது அடைத்த சுற்று.
ஒரே தண்ணீர்தான் வீட்டை வலம் வந்து
அதே வாசலில் திரும்பி நிற்கும்.
ஊசி இறங்கியதென்றால்
எங்கோ வெளியேறியிருக்கிறது.

தரையைத் தடவினாள். காய்ந்திருந்தது.
ரேடியேட்டர் மூட்டுகளில் டிஷ்யூ ஒற்றினாள். அதுவும்.
“வெளிச்சுவர்ல செப்புக்குழாய் ஒன்னு எட்டிப் பார்க்கும்.”
என் பழைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போனாள்.
அதை அவள் எடுத்துப் போயிருந்தது
எனக்கு இதுவரை தெரியாது.

வெளிச்சம் ஆடியது. மூச்சு புகைந்தது.
குழாய் நுனியில்
சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பனிக்கூர்.

அப்படியென்றால் விரிவுக் கலம்தான்.
சிவப்பாய், தட்டையாய்ப் பின்னால் ஒளிந்திருக்கும்.
நடுவே ரப்பர்த் திரை,
ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று.
சூட்டில் நீர் விரியும்போது
காற்று கொஞ்சம் ஒதுங்கிக் கொடுக்கும்.
அந்தக் காற்று போய்விட்டால் ஒதுங்க ஆளில்லை:
அழுத்தம் ஏறும், வால்வு துப்பும்,
ஆறியதும் ஊசி விழும்.

இதையெல்லாம் சொன்னேன்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
“வீட்டுக்காரர்கிட்ட சொல்லி ஆளைக் கூப்பிடு. நீ கழட்டாதே, கேஸ் சாமான்.”
“ம்.”

மார்ச்சோடு அவள் ஒப்பந்தம் முடிகிறது.
இன்னும் இரண்டு வருடமா என்று
நான் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை.
தீபாவளியிலிருந்து மீன் விலை பேசுகிறோம்.

கைப்பேசியை ரேடியேட்டர்மேல் வைத்திருந்தாள் போல,
இரும்பு சூடேறி விரியும் சத்தம்
டிக், டிக் என்று என் காதுக்குள்.
ஜாஹிட் நாரைத் தள்ளினான்.
கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்த்தேன். பாதி. சரி.

“ஒன்றரைக்கு வந்துருச்சு.”
“பாத்துக்கிட்டே இரு. ரெண்டைத் தாண்டினா அணைச்சிடு.”
“பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”
பிறகு, “பசியாறிட்டீங்களா?”
மணி மூன்றே முக்கால்.
இன்னும் இல்லை என்றேன்.

பதிவேட்டில், நான்கு மணிக் கட்டத்தில்,
ஒன்றரை என்று எழுதி
அடித்துவிட்டு
இருபது என்று எழுதினேன்.