பிடிக்காமல் பறந்தவள்

ஃப்ரீஸ்லாந்தில், கடலணைக்கு இந்தப் பக்கம்,
விதை உருளைக்கிழங்கு வயல்.
நடையைவிட மெதுவாக நகரும் வண்டியில்
வரிசைக்கு ஒருவராய்க் குனிந்திருக்கிறோம்.
இலையில் தேமல் தெரிந்தால்
"நில்" என்பாள் ஹிஸ்கெ.
இறங்கி, வேரோடு, சுண்டைக்காயளவு கிழங்குகளோடு
பிடுங்கிப் பையில் கட்டவேண்டும்.
ஒன்று மண்ணில் தங்கினாலும்
அடுத்த வருடம் நோயோடு எழுந்துவரும்.

வயலோரத்தில் மஞ்சள் தட்டு, தண்ணீரோடு.
தளிரென்று நம்பி இறங்கியவை மிதக்கின்றன.
பேனா முனையால் தள்ளித் தள்ளி எண்ணுகிறேன்.
திங்களன்று ஒன்பது.
இன்று நாற்பத்தொன்று.

அசுவினி.
பேனளவுப் பூச்சிக்கு
நட்சத்திரத்தின் பெயர்.
கோடையில் ஆண் துணையின்றிப் பெறுகிறாள்;
பிறக்கும் மகளின் வயிற்றில்
பேத்தி ஏற்கெனவே வளர்கிறாள்.
இலை கொள்ளாத நாளில்
சில மகள்களுக்குச் சிறகு முளைக்கிறது.

இலையடியில் குடித்தனம் நடத்துகிறவளுக்குத்தான்
நான் இத்தனை நாளும் பயந்தேன்.
அவள் மருந்துக்கு அகப்படுவாள்.
இவள் வேறொருத்தி.
பார்லி வயலில் பிறந்தவள்.
உருளைக்கிழங்கு இவளுக்கு ஆகாது.
ஆகாதென்று குத்திப் பார்த்தால்தானே தெரியும்?
ஊசிவாயைச் செருகுகிறாள்
(நான் மூக்கைச் சொறிகிற நேரம்)
சீ, இது இல்லை.
பக்கத்துச் செடி.
சீ, இதுவும்.
தெளித்த மருந்தில் சாகத்தான் போகிறாள்,
ஐந்தாறு செடியை ருசித்துத் துப்பிய பிறகு.
பிடித்திருந்தால்
ஒரே செடியோடு போயிருக்கும்.

"ஸ்வெட்லின், உன் பூட்ஸைக் கழுவினாயா?"
கழுவினேன்.
போன மாதம் எம்மெலோர்டில் வெங்காயம்,
அதற்கு முன் வெண்லோவில் காளான்,
அதற்கும் முன்
ப்ளெவெனில் ஒரு வீடு, இரண்டு அறை.
எது பிடிக்கவில்லை என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.
பூச்சிக்காவது
செடி காரணம்.

வாய்க்காலுக்கு அப்பால்
போன வருடம் தவறிய கிழங்குகள்
யாரும் நடாமலே தழைத்து நிற்கின்றன.
அது யெல்மர் நிலம்; நம் வண்டி போகாது.
காற்று அங்கிருந்துதான் வீசுகிறது.
வெள்ளிக்கிழமை தரம் பார்க்க ஆள் வருகிறார்.

எண்ணெய் தெளித்த இலைகள்
வெயிலில் வழுவழுக்கின்றன.
ஊசியில் ஒட்டியது
எண்ணெயில் நழுவிவிடுமாம், பாதியாவது.

"நில்."
இறங்கிப் போய் இலையைத் திருப்பினேன்.
கடற்காகத்தின் எச்சம்.
கட்டைவிரலால் துடைத்தேன்,
விரலைக் கால்சட்டையில் துடைத்தேன்,
வண்டி ஏறினேன்.