எந்த மீனுக்கு?

ஒத்திகைக்கு ஒன்றரை மணி நேரம் இருக்க
யாங்குபாவின் கோராவில்
இடப்பக்கத்து நாலாவது நரம்பு அறுந்தது.
பெரிய சத்தமில்லை.
யாரோ கொசு அடித்தார்கள் என்று நினைத்தேன்.

மவுண்ட் ரோடு கடைக்குப் போவோம் என்றேன்.
வேண்டாம்,
இங்கே மீன் பிடிக்கிறவர்கள் எந்தப் பக்கம் என்றான்.

ஸ்கூட்டரில் பின்னால் அவன்,
தோல் போர்த்திய அரைச் சுரைக்குடுக்கை அவன் வயிற்றில்,
அதன் நீளக் கழுத்து என் தோளுக்கு மேல்.
சூரியநாராயணா தெரு சிக்னலில்
ஒரு ஷேர் ஆட்டோ முழுக்கத் திரும்பிப் பார்த்தது.
"இன்னாண்ணா அது, வீணையா?"
"போடா, பூசணிக்கா தம்பூரா."
மொழி தெரியாமலே சிரித்தான் யாங்குபா.

காசிமேட்டில் தேசப்பன் கடை.
ஈயக்குண்டு, வலை, டீசல் கேன்,
கண்ணாடிச் சுருள்களாய் நைலான்.
"எந்த மீனுக்கு?" என்றார்.
வஞ்சிரத்துக்கு ஒரு கனம், சுறாவுக்கு ஒரு கனம்,
சங்கராவுக்கு மெல்லிசு.
நான் விழித்தேன்.
அறுந்த துண்டை விரலில் சுற்றி நீட்டினான் அவன்.
தேசப்பன் பல்லில் கடித்துப் பார்த்தார்.
ஒரு நுனியைக் காலில் மிதித்து
மறுநுனியை இழுத்து
நடுவில் சுண்டினார்.
காதால் கேட்டாரா கையால் கேட்டாரா தெரியாது.
"கொடுவா நரம்பு இது."
ஆறு மீட்டர், அறுபது ரூபாய்.

மாடி ஹாலில் நாலு ஸ்டாண்டுகள் காத்திருந்தன.
பெரம்பூர் டெஸ்மண்ட் ட்யூனரோடு உட்கார்ந்திருந்தார்.
நானூற்று நாற்பது என்றால் நானூற்று நாற்பதுதான் அவருக்கு,
அரசுத் தேர்வு கட்-ஆஃப் மாதிரி.
கோராவின் மூன்றாவது சுரம்
அதற்குள் வரவில்லை.
பிளாட்பாரத்துக்கும் ரயில் பெட்டிக்கும் நடுவே
கால் மாட்டுமே ஒரு சந்து,
அங்கே நின்றது.
"ஏத்து" என்றார் டெஸ்மண்ட்.
நீங்கள் இறங்குங்கள் என்று கை காட்டினான் யாங்குபா.
பொற்கொடி வயலினை மடியில் போட்டு
வாட்ஸப் பார்த்தாள்.
கடல் ஈரத்தில் மாட்டுத்தோல் தொய்ய
இருந்த சுரமும் கீழே கீழே போனது.

செல்லோவைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்தாள் ஞானதீபம்.
வியாசர்பாடிக்காரி.
தோலை இரண்டு விரலால் தட்டினாள்.
"காய்ச்சணும்."
மொட்டைமாடியில் பழைய பேப்பரைக் கொளுத்தி
எட்டப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.
பதறி ஓடினவன் பாதியில் நின்றான்.
பிறகு தானும் ஒரு தாளைச் சுருட்டிப் போட்டான்.
அந்தத் தோலைத் தெருவோடு சேர்த்து
ஒதுக்குகிறவர்கள் இங்கே உண்டு என்பதை
அவனுக்குச் சொல்ல
என்னிடம் ஆங்கிலம் போதவில்லை.
அவள் எதுவும் சொல்லவில்லை. தட்டினாள்.
தோல் ணங்கென்றது.

மறுபடி உட்கார்ந்தோம்.
வில் பிடிக்கிற எங்களுக்கு ஒரு கெட்ட பழக்கம்,
ஒரு சுரத்தைப் பிடித்தால் விடமாட்டோம்.
கோரா அப்படியில்லை.
ஏலக்கூடத்தில் ஐஸ் உடைக்கும்போது தெறிக்கும் சில்லு,
விழுந்த இடத்திலேயே கரைந்துவிடும்.
நாங்கள் நாலுபேரும் அதன்மேல்
சிமென்ட் பூசிக்கொண்டிருந்தோம்.

கீழே எண்ணூர் சாலையில்
கன்டெய்னர் லாரி ஒன்று உறுமி நிற்க
ஜன்னல் கம்பி அதிர்ந்தது.
இருபத்தேழாவது பாரில்
பக்கம் புரட்டத் தவறினேன்.
வயலா நின்றுபோனது.
அந்தப் பள்ளத்தில் கேட்டது
கொடுவா நரம்பு.
புது நைலான், இன்னும் இழுபட்டு முடியாதது,
கொஞ்சம் தணிந்து.

டெஸ்மண்ட் கண்ணாடிக்கு மேலாக முறைத்தார்.
நான் வில்லைத் திரும்ப வைக்கவில்லை.
அடுத்த சுற்றில் பொற்கொடியும் எடுத்துவிட்டாள்.
தனியாக மாட்டிக்கொண்ட டெஸ்மண்டின் விரல்
ஒரு மயிரிழை கீழே வழுக்கியது.
தெரிந்து செய்தாரா, வியர்வையா,
யாரும் கேட்கவில்லை.
ட்யூனரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

கச்சேரி வருகிற சனிக்கிழமை.
இரண்டாம் பகுதி இன்னும் உட்காரவில்லை.
மிச்ச நரம்பு என் வயலாப் பெட்டியில்,
லேசான டீசல் வாசத்தோடு.
தேசப்பனுக்கு டிக்கெட் கொடுக்கப் போனேன்.
மேலும் கீழும் பார்த்துச் சட்டைப்பையில் செருகினார்.
"கொடுவா மாட்டுச்சா?"
"கொத்திக்கினே இருக்குண்ணே" என்றேன்.