மேல் ஏடு பார்க்க

விண்ணப்பத்தில் பதினோராவது கட்டம்:
'ஆய்வு ஆர்வங்கள், ஐம்பது சொற்களுக்குள்.'
காரைக்குடி ஜெராக்ஸ் கடையில் நின்று
பேனாவை மூடித் திறந்து மூடுகிறேன்.
எனக்கு நாற்பத்திரண்டு. கௌரவ விரிவுரையாளர்.
கௌரவம் மாதாமாதம் வந்துவிடுகிறது.
சம்பளம் சித்திரைக்குப் பிறகு வரவில்லை.

என்னோடு பட்டம் வாங்கிய சமூகவியல் உமையாள்
கல்யாணப் பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்காருவதில்லை என்று
நானூறு பக்கம் எழுதினாள்.
இப்போது பள்ளத்தூரில் காப்பீடு விற்கிறாள்.
'அதே களப்பணிதான், கமிஷன் உண்டு' என்பாள்.
மானிடவியல் அடைக்கலசாமி,
ஒன்பது கோயில் பங்காளி முறையில் கரை கண்டவன்,
கானாடுகாத்தான் ஹோட்டலில் கைடு.
பிரெஞ்சுக்காரர்களுக்கு ஆத்தங்குடிக் கல்லைக் காட்டி
செருப்பைக் கழற்றச் சொல்கிறான்.

நான் லேவாதேவிப் பேரேடுகளில் கிடக்கிறேன்.
சரியாகச் சொன்னால் ஒரே ஒரு பேரேட்டில்.
இன்னும் சரியாக, ஒருத்தியிடம்.
மா தேன் யீ. பியாப்பூன். நெல் வயல் பதினாறு ஏக்கர்.
பற்று, ரூபாய் முன்னூற்று நாற்பது.
கடனுக்கும் பிரியத்துக்கும்
ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியில்
பொருளாதார வரலாறு எழுதுவது கஷ்டம்.

ஆறு தவணை கட்டியிருக்கிறாள்.
ஏழாவதன் நேரே கணக்குப்பிள்ளையின் சாய்ந்த கை:
'மழை. ஆள் வரவில்லை.'
அதன் கீழே, 'மேல் ஏடு பார்க்க.'

பதினோரு வருஷமாகத் தேடுகிறேன் அந்த மேல் ஏட்டை.
முனீஸ்வரன் கோயில் தெருவில்
பழஞ்சாமான் கடைக்காரர் ஏடுகளைக் கிலோவில் நிறுப்பார்.
ஆராய்ச்சி என்றதும்
தராசிலிருந்து விரலை எடுத்தார், அவ்வளவுதான் சலுகை.

போன வியாழன் அடைக்கலம் போன் செய்தான்:
'உன் ஆளு எங்க டைனிங் ஹால்ல இருக்கா.'

சுவரில், மஞ்சள் விளக்கின் கீழ்,
கண்ணாடிச் சட்டத்துக்குள் விரித்து வைத்த ஏடு.
வலப்பக்கக் கடைசி வரி:
'மா தேன் யீ, முன்பாக்கி'
மீதி மறுபக்கம்.
பின்னால் யாரோ இன்னொரு ஆப்பம் கேட்டார்கள்.
'அலங்காரத்துக்கு வாங்கினது மேடம்,
திறக்கறதுன்னா சென்னை ஆபீஸ் சொல்லணும்' என்றார் மேலாளர்.
நாலு திருகாணி. எண்ணிக்கொண்டு வந்தேன்.

ஜெராக்ஸ் பையன் கடை அடைக்கப் போகிறான்.
எழுதுகிறேன்:
'காலனியப் பர்மாவில் கடன், பாலினம், நிலவுரிமை.'
ஐந்து சொல். நாற்பத்தைந்து பாக்கி.

அடைக்கலத்துக்கு இரவு ஷிஃப்ட் எந்தக் கிழமை என்று
கேட்டு அனுப்பியிருக்கிறேன்.
இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது.
பதில் வரவில்லை.